மதிப்பெண் அளக்காத தகுதி: அம்பேத்கரும் கல்வி உதவித்தொகையும்

உயர்கல்வி உதவித்தொகை குறித்த விவாதம் எழும்போதெல்லாம் தகுதி, திறமை என்னும் இரு சொற்கள் முன்னால் வந்து நிற்கின்றன. அதிக மதிப்பெண் பெற்றவருக்கே உதவி என்பது பார்வைக்கு நடுநிலையான விதியாகத் தோன்றும். அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை அறிந்தவர்களால் இதை அவ்வளவு எளிதாக ஏற்க இயலாது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் மகர் சமூகத்தில் பிறந்தவர் அம்பேத்கர். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். சத்தாரா பள்ளியில், வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்கை விரித்து, வகுப்பின் மூலையில் தனியே அமர வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமையும் இல்லை. பின்னர்ப் பம்பாயில் சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது அதற்கும் தடை, பாரசீகம் படித்தார். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றது 750க்கு 282 மதிப்பெண்கள். தர வரிசையில் முதலிடங்களை மட்டுமே நோக்கும் எந்தத் தகுதிப் பட்டியலிலும் அந்தப் பெயர் இடம்பெற்றிருக்காது.

அந்த எண்ணுக்குப் பின்னாலிருந்த உழைப்பைக் கண்டவர் ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். இன்டர்மீடியட் முடித்த மாணவரை மேலே படிக்க வைக்கத் தந்தையிடம் பணம் இல்லாதபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரை அழைத்துச் சென்றார். மன்னர் நேரில் கேள்விகள் கேட்டு, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அதைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார். அதே 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில, மாதம் 11.5 பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை கிடைத்தது. பதிலுக்கு, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்னும் ஒப்பந்தத்தில் ஜூன் 4 அன்று கையெழுத்திட்டார். ஆளைத் தேர்ந்தெடுப்பது, காலவரையறை விதிப்பது, நீட்டிப்பது, நிறுத்துவது யாவும் கொடுப்பவரின் விருப்பத்திற்கு உட்பட்டவை. பெறுபவரிடம் நன்றியும் கடமையும் உண்டு, உரிமை இல்லை.

கொலம்பியாவில் பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம் எனப் பல துறைகளில் பாடங்களைக் கற்றார். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றி எவ்வாறு இயங்குகின்றன என்பது குறித்த ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். தீண்டாமையை அனுபவித்த ஒருவர் சாதியையே ஆய்வுப்பொருளாக்கிப் பன்னாட்டு அறிஞர்களின் முன் வைத்தார். 282 மதிப்பெண்ணில் தெரியாத தகுதி, வாய்ப்புக் கிடைத்த மூன்றே ஆண்டுகளில் வெளிப்பட்டது.

அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடா சென்றவருக்குத் தங்க இடம் தர யாரும் முன்வரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன்னைப் பார்சியாகக் காட்டிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த பார்சிகள் அவரை வெளியேறச் சொல்லி மிரட்டினர். பூங்காவில் அமர்ந்திருந்து இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். மன்னரின் உதவி அவரை நியூயார்க் வரை கொண்டு சென்றது. மன்னரின் தலைநகரிலேயே ஓர் அறையைப் பெற்றுத்தர அதனால் இயலவில்லை.

எஞ்சிய படிப்பைத் தம் முயற்சியிலேயே முடித்தார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். மாகாண நிதி குறித்த தம் கொலம்பியா ஆய்வு 1925இல் நூலானபோது அதைச் சயாஜிராவுக்குக் காணிக்கையாக்கினார். நன்றியை அவர் மறக்கவில்லை. ஆனால் நல்ல மன்னர் ஒருவரும் நல்ல ஆசிரியர் ஒருவரும் ஒரே நேரத்தில் வாய்ப்பது கோடியில் ஒருவருக்கே என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

எனவே 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் விரிவான மனுவை வைஸ்ராயிடம் அளித்தார். உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. அத்திட்டம் இன்று மதிப்பெண் வரிசை பார்ப்பதில்லை. குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்த மாணவருக்கு உரியது. ஒருவருக்குக் கிடைத்த சலுகையை எல்லோருக்குமான உரிமையாக மாற்றியதே அவர் வாழ்வின் பெரும் சாதனைகளில் ஒன்று.

அயல்நாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகையோ ஆண்டுக்கு 125 இடங்களோடு நிற்கிறது; பட்டியல் சாதியினருக்கு அவற்றுள் 115. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா தொடர்பான சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி இல்லை என 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் ஒன்றிய அரசு அறிவித்தது. 1916இல் அம்பேத்கர் வாசித்த கட்டுரையின் பொருள் அந்த விலக்குப் பட்டியலுக்குள் அடங்கும். சாதியை ஆராய வந்த மாணவருக்கு ஒரு மன்னராட்சி தடை போடவில்லை, குடியரசு போட்டது.

யாருக்கு உதவி என்பதோடு, எதைப் படிக்க உதவி என்பதும் நம் கேள்வியாக வேண்டும். உதவித்தொகை பிச்சையன்று என்பதை அண்ணலின் வாழ்வு நிறுவிவிட்டது. அதைக் காப்பது இன்றைய மாணவர் இயக்கங்களின் பொறுப்பு.