மாமனாரின் ஆட்சியில் ஒரு மருகர்

பிரதமர் நேருவின் மருமகர், ஆளுங்கட்சி உறுப்பினர். எனினும் பெரோஸ் காந்தி வாய்மூடி அமர்ந்தாரல்லர். 1912இல் பம்பாயில் பிறந்து, 1952இல் மக்களவை புகுந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களில் 1.24 கோடி ரூபாயை முடக்கியது ஏனென 1957 டிசம்பரில் அவையில் சான்றுகளுடன் வினவினார். எளியோர் செலுத்திய தவணைப் பணமன்றோ அது! நீதிபதி சாக்ளா மக்கள் முன்னிலையிலேயே விசாரித்தார். செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பென்று முடிவு கூறினார். நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி துறந்தார்.

நாடாளுமன்ற நடவடிக்கைகளை இதழ்கள் அச்சமின்றி வெளியிட வகைசெய்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் கொணர்ந்த மசோதாவின் விளைவே. 1960 செப்டம்பரில், 48ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள்கள் முன்னர் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது அச்சட்டத்தை நீக்கியது அவர்தம் துணைவியார் இந்திராவின் அரசு; 1977இல் அது மீண்டும் உயிர்பெற்றது.