பெயின்ட்டை உரித்த பீட்டில்: ஜான் லெனன் கிடாருக்கு என்ன ஆனது?

1969 ஜனவரி 30. லண்டன் சவில் ரோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடி. பீட்டில்ஸ் குழு பொதுவெளியில் கடைசியாக வாசித்தது அங்கேதான். அந்த வீடியோவில் ஜான் லெனனின் எலெக்ட்ரிக் கிடாரைக் கவனியுங்கள். பளபளப்பு இல்லை, கலர் இல்லை. வெறும் மரம் மாதிரி வெளிறிக் கிடக்கும். கடையில் வாங்கும்போது அது அப்படி இல்லை. அப்புறம் என்ன ஆச்சு?

யார் இந்த லெனன்?

1940 அக்டோபர் 9 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட, பெரியம்மா மிமியின் வீட்டில் வளர்ந்தார். பான்ஜோ வாசிக்கத் தெரிந்த அம்மா ஜூலியாதான் முதல் கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். 1958இல் கார் மோதி ஜூலியா இறந்தபோது லெனனுக்கு வயது 17. அதற்கு முந்தைய ஆண்டுதான் பால் மெக்கார்ட்னியைச் சந்தித்திருந்தார்.

மரக்கலர் கறுப்பானது

1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்களில் வாசிக்கப் போனபோது ரிக்கன்பேக்கர் 325 கிடாரை வாங்கினார். அது இயல்பான மரக்கலரில் இருந்தது. சில ஆண்டுகளில் அதைக் கறுப்பாக்கிவிட்டார். 1964 பிப்ரவரியில் அமெரிக்காவின் எட் சல்லிவன் ஷோவை சுமார் 7.3 கோடி பேர் டிவியில் பார்த்தார்கள். அவர்கள் லெனன் கையில் பார்த்தது அந்தக் கறுப்பு கிடாரைத்தான்.

1967 வண்ணங்களின் காலம். தன் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கே மஞ்சள் அடித்துப் பூ வேலை செய்யவைத்தார். கிப்சன் ஜே-160ஈ கிடாரிலும் பல வண்ண ஓவியம் ஏறியது. 1966இல் வாங்கிய எபிஃபோன் கஸினோவின் முதுகில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார்.

1968: எல்லாவற்றையும் உரி!

அந்த ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் தியானம் கற்க ரிஷிகேஷ் வந்தார்கள். பாடகர் டோனவனும் உடன் இருந்தார். பாலிஷை எடுத்துவிட்டால் மரம் மூச்சுவிடும், சத்தம் நன்றாக வரும் என்ற யோசனையைக் கொடுத்தது அவர்தான் என்பார்கள். ஊர் திரும்பியபின் கஸினோவும் ஜே-160ஈயும் மரக்கலருக்குத் திரும்பின. ஜார்ஜ் ஹாரிசனும் தன் கஸினோவை உரித்தார்.

வேலை பார்க்க எளிது, செய்யத்தான் பொறுமை வேண்டும். கம்பிகள், பிக்கப், குமிழ்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய பூச்சை எடுத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கஸினோவின் உடல் பிளைவுட் மாதிரி அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் அடுக்கு எட்டிப் பார்க்கும். கடைசியில் அழுக்கும் ஈரமும் ஏறாமல் இருக்க மெல்லிய பூச்சு.

சத்தம் மாறுமா?

எலெக்ட்ரிக் கிடாரில் காந்த பிக்கப் உணர்வது உலோகக் கம்பியின் அதிர்வை. அதனால் பெயின்ட்டின் பங்கு மிகச் சிறியது. கஸினோ உள்ளே வெற்றிடமான கிடார் என்பதால், ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது லேசான வித்தியாசம் காதில் படலாம். ஆனால் கையில் படும் உணர்வு நிச்சயம் மாறும். லெனனுக்கு அது பிடித்துவிட்டது. மொட்டை மாடிக்கு அவர் எடுத்துச் சென்றது இந்தக் கஸினோவைத்தான். உரித்த ஜே-160ஈயில் தன் முகத்தையும் யோகோ ஓனோ முகத்தையும் கோட்டோவியமாக வரைந்து, 1969இல் மான்ட்ரியல் ஹோட்டல் படுக்கையில் அமைதிக்காகப் பாடினார்.

1970களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் குடியேறியபின், பழைய ரிக்கன்பேக்கரின் கறுப்பையும் எடுக்கவைத்தார். ஹாம்பர்க்கில் வாங்கிய மரக்கலர் திரும்பியது. 1980 டிசம்பர் 8 அன்று வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 40.

நாமும் உரிக்கலாமா?

பழைய, அரிய கிடார் என்றால் வேண்டாம். ஒரிஜினல் பூச்சு போனால் மறுவிற்பனை விலை வெகுவாகக் குறையும். லெனன் உரித்ததால் எபிஃபோன் நிறுவனமே பின்னாளில் பெயின்ட் இல்லாத கஸினோ மாடலை அவர் பெயரில் விற்றது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. கையில் இருப்பது சாதாரண கிடார் என்றால், மாஸ்க் போட்டுக்கொண்டு தாராளமாக இறங்கலாம். புது சத்தம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிடித்த மாதிரி ஒரு கிடார் கிடைக்கும். லெனனுக்கும் அதுதான் கிடைத்தது.