சத்தத்தைச் சுவரில் நிறுத்தியவர்!

ஆகாய விமானத்துக்கு வெளியே இரைச்சல் காதைப் பிளக்கும். உள்ளே இருப்பவர்களோ பக்கத்து ஆசனக்காரருடன் பேசிக்கொண்டே போகிறார்கள். சத்தத்தைச் சுவரில் தடுக்கும் இந்த வித்தைக்கு முன்னோடி, வாலஸ் சாபைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

1868-ம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். 18 வயதில் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1895-ல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் ஒரு சொல் பேசினால், அது அடங்க 5 விநாடிக்கு மேல் ஆயிற்று! அதற்குள் அடுத்த சொல் வந்து மோதும். மாணவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பு சாபைன் தலையில் விழுந்தது.

நள்ளிரவில் மெத்தை சுமந்தார்

பகலில் தெருச் சத்தம். ஆகவே நள்ளிரவுக்குமேல் வேலை தொடங்குவார். பக்கத்து நாடக அரங்கின் மெத்தைகளைத் தூக்கி வந்து பரப்புவார். குழலை ஊதி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்தில் இருக்கவேண்டும். அடுத்த இரவு மறுபடியும் சுமப்பார்! 1898-ல் கணக்குப் பிடிபட்டது. அந்தக் கணக்கின்படி எழுந்த பாஸ்டன் இசை மண்டபம் 1900-ல் திறக்கப்பட்டது. அதன் புகழ் இன்றும் மங்கவில்லை.

பிறகு சுவரைப் பிடித்தார். இசைப் பள்ளிகளில் ஓர் அறைப் பாட்டு அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பளி போன்ற மயிர் விரிப்பு, இரும்புத் தகடு, நடுவே காற்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, எவ்வளவு சத்தம் கசிகிறது என்று அளந்தார். 1915-ல் முடிவுகளை வெளியிட்டார்.

தர்மபுரிப் பக்கத்துக் கனத்த மண்சுவருக்குள் திருகை சுற்றினால் அடுத்த வீட்டுக்குக் கேட்பது குறைவு. காரணம், சுவரின் எடை. விமானத்தில் மண்சுவர் வைக்க முடியுமா? எடை கூடினால் எரிபொருள் கூடும். அதனால் இன்றைய விமானங்களில் வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே பஞ்சுபோன்ற கண்ணாடி இழையை வைக்கிறார்கள். அதிர்வு தாவாமல் இருக்க, பலகையை ரப்பர் வைத்துப் பொருத்துகிறார்கள். ஆனாலும் சிறு சந்து இருந்தால் போதும், அத்தனை பாடும் வீண்!

உடலைக் கவனிக்கவில்லை

முதல் உலகப் போர் வந்தது. 1916-ல் ஐரோப்பா சென்ற சாபைன், பிறகு அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்காக உழைத்தார். சிறுநீரக நோய் வாட்டியது. வேலை முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். 1919 ஜனவரி 10-ந்தேதி காலமானார். வயது 50தான்.

சிகாகோவுக்கு அருகே ஜெனீவா என்ற ஊரில், ஃபேபியன் என்ற செல்வந்தர் சாபைனுக்காகவே ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டியிருந்தார். அதில் உட்கார்ந்து வேலை செய்ய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தூரத்து உறவினர் பால் சாபைன் அங்கே வந்து, எந்தச் சுவர் எவ்வளவு சத்தத்தை விடுகிறது என்று அளக்கத் தொடங்கினார்.