ராமானுஜனின் 13 இலக்க எண்

ராமானுஜன் என்றதும் 1729-ம் டாக்சியும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது வேறு வகை எண்கள். அந்தக் காலத்து பி.எஸ்ஸி.யான நான், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவற்றைப் பொறுமையாகப் படித்தேன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாததால் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அடுத்த ஆண்டே ஹைலி காம்போசிட் நம்பர்கள் பற்றிய அவரது கட்டுரை லண்டன் கணிதச் சங்க இதழில் வந்தது. விஷயம் எளியது. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் மிஞ்சுபவையே இவை. 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வகையே.

ராமானுஜன் கையாலேயே போட்ட அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. அதை மீதியின்றி வகுப்பவை 10,080! ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும். சிறிய பகா எண் அதிகத் தடவையும் பெரியது குறைந்த தடவையும் வருவதைக் கவனியுங்கள். இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒழுங்கு உண்டென்று அவர் நிரூபித்தார்.

அட்டவணையில் ஒரே ஒரு எண் விடுபட்டது: 2,93,31,86,25,600. இதை வகுப்பவை 5,040. இதை 23-ஆல் பெருக்கினால் மேற்சொன்ன கடைசி எண்ணே வருகிறது! நானும் காகிதத்தில் பெருக்கிச் சரிபார்த்தேன்.

எஃப்.ஏ. தேறாதவருக்கு இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் பட்டம் கிடைத்தது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். நோயாளியாகக் கப்பலேறி 1919 மார்ச் 27 அன்று நம் பம்பாயில்தான் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானபோது வயது 32.

இளம் விதவையான ஜானகி அம்மாள் அதன்பின் சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றார். பிறகு திருவல்லிக்கேணியில் தையலால் ஜீவனம் செய்து, 1994-ல் மறைந்தார்.

1915-ல் சங்கத்துக்குப் பணமுடை இருந்ததால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சிடப்படவில்லை. இரு பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புகளுடன், ராமானுஜன் பெயரிலேயே வெளிவரும் கணித இதழில் அது அச்சேறியது 1997-ல். அந்த அம்மாளுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.