புரதங்களில் உறவுமுறை தேடிய மார்கரெட் டேஹாஃப்

1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு நூல் வெளிவந்தது. கதையும் இல்லை, கவிதையும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எழுத்து வரிசைகள்தான். அதுவரை அறியப்பட்டிருந்த 65 புரதங்களின் விவரங்களைத் திரட்டிய அந்தத் தொகுப்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் மார்கரெட் டேஹாஃப்.

1925 மார்ச் 11-ஆம் தேதி பிலடெல்பியாவில் பிறந்த இவர், நியூயார்க்கில் வளர்ந்தார். கணிதம் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு, அலுவலகக் கணக்கு வழக்குக்குப் பயன்பட்ட துளையட்டை இயந்திரங்களையே கருவியாக்கிக் கொண்டார். பிறகு திருமணம், இரண்டு பெண் குழந்தைகள், சில ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பு. 1960-இல் ராபர்ட் லெட்லியின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த பின்னரே அவருடைய பெரும்பணி தொடங்கியது.

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாக உதவும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் மனிதருக்கு 104 மணிகள். சிம்பன்சிக்கும் அதே 104, அதே வரிசை. ரீசஸ் குரங்கில் ஒரு மணி மட்டும் வேறு, குதிரையில் 12. செய்யும் வேலையோ எல்லாவற்றிலும் ஒன்றுதான். அப்படியிருக்க, வேறுபாடு ஏன் இப்படிப் படிப்படியாகக் கூடுகிறது? ஒரே மூதாதையிடமிருந்து கிளை பிரிந்து காலம் செல்லச் செல்ல, தலைமுறைதோறும் நடக்கும் படியெடுப்பில் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்த ஏட்டுச்சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்.

எலும்பையும் உடலமைப்பையும் பார்த்து அறிஞர்கள் முன்பே வரைந்திருந்த உயிர்களின் குடிவழியோடு, புரதங்கள் காட்டிய குடிவழி பெரும்பாலும் ஒத்துப்போனது. முன்பின் பேசிக்கொள்ளாத இரு சாட்சிகள் ஒரே விவரத்தைச் சொன்னதுபோல! அந்த மரத்தைக் கணினி கொண்டு வரைந்த முன்னோடிகளில் டேஹாஃபும் ஒருவர். அமினோ அமிலங்களுக்கு மூன்று எழுத்துச் சுருக்கம் இருந்ததை ஒற்றை எழுத்தாக்கியதும் அவர்தான். இன்றும் உலக ஆய்வகங்களில் அந்த எழுத்துகளே புழங்குகின்றன.

அன்றைய மதிப்பு வேறு. பிறர் கண்டதைத் திரட்டுவது ஆய்வாகுமா என்று அறிவியலாளர்கள் பலர் அலட்சியம் காட்டினர். நிதி திரட்டுவதே தீராத போராட்டமாக இருந்தது. ஆனால் ஒப்பிட ஓரிடத்தில் தரவு இருந்தால்தானே உறவு தெரியும்?

1983 பிப்ரவரி 5-ஆம் தேதி மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 57. அடுத்த ஆண்டே அவருடைய தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு புரதத் தகவல் களஞ்சியம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று ஆய்வாளர்கள் இணையத்தில் தேடும் யூனிப்ராட் தரவுத்தளத்தில் அதுவும் ஒரு பங்காளி.