செபிக்க நேரம் உண்டு

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் பேருந்தில் ஓடும் நாம், செபிக்க நேரமில்லை என்கிறோம். 1647-ல் லிஸ்பனில் பிறந்த புனித அருளானந்தர், 1674-ல் மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, அன்றைய செஞ்சி நாட்டிலும் ஊர் ஊராக நடந்தார். ஆயினும் இயேசு சபைத் துறவிக்குரிய அன்றாடத் தியானத்தையும் திருப்புகழ்மாலையையும் அவர் சுமையாகக் கருதவில்லை. 1686-ல் சிறைப்பட்டு வதைக்கப்பட்டபோதும் செபமே அவருக்குத் துணை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் கொலைக்களத்தில் முழந்தாளிட்டுச் செபித்த பின்னரே வாளுக்குத் தலை கொடுத்தார். அன்றாடம் பழகிய செபமே இறுதி வேளையில் கைகொடுத்தது. அன்பர்களே, நாமும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் விவிலியத்தைத் திறப்போம். இன்றிரவே குடும்பமாக அமர்ந்து தொடங்குவோமா?