அங்கவடி வேண்டாத அமீருல் மூஃமினீன்

ஹிஜ்ரி 13 முதல் 23 வரை (கி.பி. 634–644) கிலாஃபத்தை நடத்திய ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் நீதியைப் பேசும் நாம், உக்காள் சந்தையில் மல்யுத்தம் புரிந்த அவர்களின் உடல்வலிமையை அதிகம் பேசுவதில்லை. ஒரு கையால் குதிரையின் காதையும் மறு கையால் தம் காதையும் பற்றியவாறே அதன் முதுகில் பாய்ந்தேறுவார்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது. கால் ஊன்ற அங்கவடி இல்லாதபோது தொடையின் பிடிப்பும் இடுப்பின் சமநிலையுமே துணை. இவை நாள்தோறும் ஏறியிறங்கிப் பழகினாலன்றி வாரா. அஜர்பைஜானில் உத்பா பின் ஃபர்கத் (ரலி) அவர்களுடன் இருந்த படையினர் சொகுசில் தளராதிருக்க, அங்கவடிகளை அறுத்தெறிந்து குதிரைமீது தாவியேறுமாறும், வெயிலில் காயுமாறும் மடல் விடுத்தார்கள். (தெருமுனைக் கடைக்கும் வண்டியை முடுக்கும் நசரத்பேட்டைவாசிகளாகிய நமக்கு அம்மடல் சற்றே உறுத்தத்தான் செய்கிறது!) மரத்தாலான அங்கவடியைத் தளபதி முஹல்லப் இரும்பால் செய்வித்தது, உமர் (ரலி) அவர்கள் ஷஹீதாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே.